சரிவில் நிற்கும் முழங்கால்

(மலேசியாவின் மலைநாட்டுச் சிற்றூரான கோலா தெர்லாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டது.)



இன்று காலை இங்கு வரும் வழியில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்திலிருந்து சாலைக்கு இறங்கும் படிக்கட்டில் ஓர் அத்தையைப் பார்த்தேன். முகம் மலையைப் பார்த்திருந்தது, முதுகு சாலையைப் பார்த்திருந்தது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது காலைப் பின்னால் விட்டு, கீழ்ப்படியைக் கால் விரலால் துழாவி, அது அகப்பட்டதும் உடம்பை மெல்ல இறக்கினார். பிறகு இடது கால். அப்படியே இருபத்து மூன்று படி. “என்னத்தை, பின்னாடியே எறங்குறீங்க?” என்று கேட்டேன். “முன்னால எறங்குனா முட்டி உசுரு போவுதும்மா. இப்படின்னா கொஞ்சம் தாங்குது” என்றார். யாரும் சொல்லிக்கொடுத்த முறை இல்லை அது. அவரே கண்டுபிடித்தது.

பெர்லினில் ஓர் ஆய்வுக் குழு, 5 பேருக்குப் பொருத்திய செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுக் கருவியை வைத்து, அன்றாட அசைவுகளில் முழங்காலின் மேல் எவ்வளவு பாரம் ஏறுகிறது என்று கணக்கெடுத்தது. 2010இல் வெளிவந்த அந்தக் கணக்குப்படி, சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப்போல் 2.6 மடங்கு. படி ஏறும்போது 3.2 மடங்கு. இறங்கும்போது 3.5 மடங்கு. அவர்கள் அளந்த அசைவுகளிலேயே படி இறங்குவதுதான் மூட்டை மிக அதிகமாக அழுத்தியது. ஏற்றத்தைவிட இறக்கம் கொடியது என்று அத்தை தன் உடம்பில் கண்டதை பெர்லின் எண்ணாகச் சொல்லியிருக்கிறது. அந்த எண்ணில் முதுகில் தொங்கும் கொழுந்துக் கூடை சேரவில்லை. மழையில் வழுக்கும் மண் சேரவில்லை.

நான் இன்று சொல்ல வந்தது ஒரே கருத்து. முழங்கால் தேய்மானத்துக்கு எந்த வைத்தியம் பலிக்கும் என்ற கேள்விக்கு மருத்துவ ஆய்வு கடந்த 25 ஆண்டுகளில் நேர்மையாகவே விடை தேடியிருக்கிறது. சில விடைகளைக் கண்டும் இருக்கிறது. ஆனால் பலித்ததா இல்லையா என்பதை யாருடைய வாழ்க்கையில் வைத்து அளந்தார்கள் என்று பார்த்தால், அங்கே நம் வாழ்க்கை விடுபட்டிருக்கிறது. இதை ஐந்து கூறுகளாகச் சொல்கிறேன்.

1. சொல்லிலிருந்து தொடங்குவோம்

நம்மிடையே இந்த நோய்க்கு முட்டி வலி என்று பெயர், மூட்டுத் தேய்மானம் என்று பெயர், ‘ஜவ்வு தேஞ்சிருச்சு’ என்றும் சொல்வோம். தேய்மானம் என்றதும் மனத்தில் வருவது லோரி டயர், செருப்பின் அடி. தேய்ந்ததை மேலும் தேய்க்காமல் எடுத்து வைக்கத்தான் யாருக்கும் தோன்றும். அதனால்தான் “நடக்காதே, மாடி ஏறாதே, சும்மா உட்கார்” என்று பிள்ளைகள் அன்போடு சொல்கிறார்கள். அந்த அன்பில் தொடைத் தசை கரைகிறது. தசை கரைந்தால் மூட்டின் மேல் விழும் அடியைத் தாங்க ஆளில்லை. வலி கூடுகிறது. வலி கூடியதும் இன்னும் கொஞ்சம் உட்காருகிறார்கள்.

மூட்டு டயர் அல்ல, உயிருள்ள உறுப்பு. எலும்பு முனையில் இருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. நடக்கும்போது அழுந்தியும் விட்டும், ஈரப்பஞ்சைப் பிழிந்து விடுவதுபோல, மூட்டு நீரிலிருந்து அது தன் உணவை எடுத்துக்கொள்கிறது. நோயும் குருத்தெலும்போடு நிற்பதில்லை. அடியிலுள்ள எலும்பு, மூட்டின் உள்ளுறை, தசைநார், தொடைத் தசை எல்லாம் சேர்ந்தே மாறுகின்றன. எக்ஸ்ரே படத்தில் மோசமாகத் தெரியும் முழங்கால் வலியில்லாமல் நடப்பதும், படம் நன்றாக இருப்பவர் வலியில் துடிப்பதும் உண்டு. ஆகவே படத்தைப் பார்த்து “உங்கள் மூட்டு முடிந்துவிட்டது” என்று யாராவது சொன்னால் அதை முழுத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேய்மானம் என்ற சொல் வழக்கில் ஊன்றிவிட்டதால் நானும் அதையே சொல்கிறேன். சும்மா உட்கார் என்ற அறிவுரையை மட்டும் அதிலிருந்து பிரித்துவிடுங்கள்.

2. பலித்தது என்றால், எதைவிடப் பலித்தது?

முழங்கால் வலி ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. ஏறும், இறங்கும். தாங்க முடியாத நாளில்தான் நாம் வைத்தியரைத் தேடிப் போகிறோம். அந்த உச்சத்திலிருந்து வலி தானாகவே சற்று இறங்கும். அந்த வாரத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும், எதைப் பூசியிருந்தாலும், பெயர் அதற்குப் போய்விடும். இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கத்தான் பொய்ச் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறை வந்தது.

இதில் மிகத் துணிவான சோதனை அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்தது. 2002இல் வெளியானது. அக்காலத்தில் முழங்காலுக்குள் சிறு குழாயை விட்டுக் கழுவிச் சுரண்டிச் சுத்தம் செய்யும் அறுவை மிகப் பரவலாக இருந்தது. ப்ரூஸ் மோஸ்லி என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் 180 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சுரண்டல், ஒரு பிரிவுக்குக் கழுவல் மட்டும், மூன்றாம் பிரிவுக்குத் தோலில் கீறலும் தையலும் மட்டும். உள்ளே எதுவும் செய்யவில்லை. சேர்ந்த ஒவ்வொருவரும், தனக்குப் பொய் அறுவை மட்டுமே நடக்கலாம், அதனால் தன் மூட்டுவலிக்குப் பயன் கிடைக்காது என்பது தெரியும் என்று தன் கைப்படவே எழுதிக் கொடுத்தார். இரண்டாண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், உண்மை அறுவை செய்துகொண்டவர்கள் கீறல் மட்டும் பெற்றவர்களைவிட எந்தக் கட்டத்திலும் நன்றாக இல்லை. எழுதிக் கொடுத்த அந்த மனிதர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன். தங்கள் உடம்பை ஒரு கேள்விக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் தேவையில்லாத கத்தியிலிருந்து தப்பினார்கள்.

அடுத்து, மருந்துக் கடையில் பெரிய டப்பாவில் விற்கும் குளுக்கோசமின். அமெரிக்காவில் 1583 பேரைக் கொண்டு நடந்து 2006இல் வெளியான சோதனையில், மருந்தில்லாத மாத்திரையை விழுங்கியவர்களிலேயே 60.1 விழுக்காட்டினருக்கு வலி குறிப்பிட்ட அளவு குறைந்தது. குளுக்கோசமினும் அதோடு சேர்த்து விற்கும் காண்ட்ராய்டினும் தனித்தனியாகவும் சரி, சேர்த்தும் சரி, மொத்தக் கணக்கில் அதைத் தெளிவாகத் தாண்டவில்லை. வலி அதிகமாக இருந்த சிறு பிரிவில் மட்டும் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தது சற்று மேலாகத் தெரிந்தது. இந்த அறுபது விழுக்காட்டை மறக்காதீர்கள். முழங்காலுக்கு விற்கப்படும் எந்தப் பொருளும் முதலில் இந்த அறுபதைத் தாண்டிக் காட்ட வேண்டும். நம் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, அதன் தட்டணுக்களை முட்டியில் ஊசியாகப் போடும் முறை இப்போது பெரிய நகரங்களில் நல்ல விலைக்கு நடக்கிறது. 2021இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் அதை உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் வலியிலும் குருத்தெலும்பிலும் பொருட்படுத்தும்படியான வேறுபாடு இல்லை.

நாட்டு மருந்து இந்த உரைகல்லுக்கு அப்பாற்பட்டதல்ல. புனேயில் மருத்துவர் அரவிந்த் சோப்ராவின் குழு, சுக்கு, சீந்தில் முதலியவை சேர்ந்த ஆயுர்வேத மருந்துகளை 440 பேரிடம் 24 வாரம் சோதித்து 2013இல் வெளியிட்டது. வலியைக் குறைப்பதில் அவை குளுக்கோசமினுக்கும் செலிகாக்சிப் என்ற ஆங்கில மருந்துக்கும் ஈடாக நின்றன. அதே சோதனை, சிலருக்குக் கல்லீரல் சார்ந்த ஓர் இரத்த அளவு ஏறியதையும் மறைக்காமல் பதிவு செய்தது. நாட்டு மருந்தை மதிப்பது என்றால் இப்படி மதிக்க வேண்டும் என்பேன். ஆனாலும் அந்தச் சோதனையில் மருந்தில்லாத மாத்திரைக்கென்று ஒரு பிரிவு இல்லை. அறுபது விழுக்காட்டுக் கேள்வி அங்கே மிச்சம் இருக்கிறது. நம் நாட்டிலும், மலாய்க்காரர்கள் ‘ஹாருவான்’ என்று பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கிக் கொடுக்கும் விரால் மீனின் சாற்றை மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முழங்கால் நோயாளிகளிடம் முறைப்படி சோதித்திருக்கிறார்கள். இது நம் மண்ணில் பிறந்த கேள்வி. இன்னும் பெரிய அளவில் பல இடங்களில் தொடர வேண்டியது.

சோதிக்கப்படாத பொருள் என்ன செய்யும் என்பதை என் அம்மாவிடம் பார்த்தேன். சந்தையில் ஒருவரிடம் வாங்கிய பொடி. வெள்ளைத் தாளில் மடித்த சிறு பொட்டலம், பெயர் கிடையாது, ஒன்று காலையில், ஒன்று இரவில். மூன்றாம் நாள் அம்மா துள்ளி நடந்தார். தெய்வ மருந்து என்று நானும் நம்பினேன். இரண்டு மாதத்தில் முகம் பௌர்ணமிபோல் உருண்டது, கை தொட்ட இடம் நீலம் பாரித்தது, சர்க்கரை ஏறியது. பொடி தீர்ந்துபோய் வாங்க முடியாத ஒரு வாரத்தில் எழுந்திருக்கவே முடியாமல் மயங்கி விழுந்தார். ஸ்டீராய்டு கலந்த பொருளை வாரக் கணக்கில் சாப்பிட்டு, திடீரென நிறுத்தினால் உடம்பு அப்படித்தான் விழும். நம் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் மூட்டு வலிக்கு விற்கும் ‘ஜாமு’ என்ற மலாய் நாட்டு மருந்து வகைகளில் டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரிக்கிறார்கள். அட்டையில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் பளபளக்கும் முத்திரையும் இல்லாத எதையும் வாங்காதீர்கள். மூன்று நாளில் அதிசயம் நடந்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

3. நின்று நிலைத்தவை

உரைகல்லில் பல உதிர்ந்தன. நின்றவை எவை?

முட்டி ஊசியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் படைத்துறை மருத்துவமனைகளில் 156 பேரிடம் நடந்த சோதனை 2020இல் வெளியானது. பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு ஊசி, பாதிப் பேருக்கு இயன்முறை மருத்துவரிடம் பயிற்சி. வலி, இறுக்கம், இயக்கம் மூன்றையும் சேர்த்து 240 வரை போகும் மதிப்பெண்ணில் இரு பிரிவும் சுமார் 108இல் தொடங்கின. மதிப்பெண் குறையக் குறைய நல்லது. ஓராண்டு முடிவில் ஊசிப் பிரிவு 55.8இல் நின்றது. பயிற்சிப் பிரிவு 37க்கு இறங்கியது. அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 2017இல், 140 பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டாண்டுகள் ஸ்டீராய்டு ஊசியோ உப்புநீரோ போட்டுப் பார்த்த இன்னொரு சோதனையில், வலியில் வேறுபாடு இல்லை. ஸ்டீராய்டு போட்டவர்களின் குருத்தெலும்புதான் கூடுதலாகக் கரைந்திருந்தது. பெருவிழாவுக்கோ மகள் கல்யாணத்துக்கோ ஒருமுறை ஊசி போட்டுக்கொள்வதை நான் குறை சொல்லமாட்டேன். அதையே வாடிக்கையாக்குவதுதான் ஆபத்து.

எடை. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ பாரம் குறைகிறது என்று ஸ்டீபன் மெஸ்ஸியர் குழு 2005இல் காட்டியது. நம் நாட்டு 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் பாதிப் பேர் கூடுதல் எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். இந்தியரிடையே அது 63.9 விழுக்காடு. இந்த எண் எனக்கு வலிக்கிறது. சலுகை விலையில் கிடைக்கும் அரிசி, சீனி, மாவு, சமையல் எண்ணெய் நான்கும்தான் நம் தட்டை நிரப்புகின்றன என்பதைத் தவிர்த்துவிட்டு, குறை உங்களுடையது என்று நான் சொல்லத் தயாராக இல்லை. 2024இல் செமாகுளுடைட் என்ற எடை குறைப்பு ஊசியை 11 நாடுகளில் 407 பேரிடம் சோதித்தார்கள். எடை சராசரி 13.7 விழுக்காடு குறைந்தது, முழங்கால் வலியும் பொய் ஊசியைவிடத் தெளிவாகக் குறைந்தது. நல்ல செய்தி. அதன் விலை இன்று இந்த மண்டபத்தில் பலருடைய மாதச் செலவுக்கு எட்டாதது.

பயிற்சியைப் பற்றியும் மிகைப்படுத்திச் சொல்லக் கூடாது. காக்ரேன் என்ற பன்னாட்டு ஆய்வுத் தொகுப்பு 2015இல் 54 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. 2024இல் 139 சோதனைகள். பயிற்சி உதவுகிறது என்பது இரண்டிலும் தெரிகிறது. ஆனால் உதவியின் அளவு சிறியது என்று பிந்தைய தொகுப்பு அழுத்திச் சொல்கிறது. நான் இயன்முறையைத் தொழிலாகக் கொண்டவள், அதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். சிறியதானாலும் பக்கவிளைவு அரிது, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் தொடாது.

மூட்டு மாற்று அறுவையைக் கண்டு அஞ்சுவோர் பலர் இங்கு இருக்கிறீர்கள். டென்மார்க்கில் 100 பேரிடம் நடந்து 2015இல் வெளிவந்த சோதனையில், அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி கூடுதலாகவே குறைந்தது. கடுமையான சிக்கல்களும் கூடுதலாகவே வந்தன. அறுவையின்றிப் பயிற்சியும் எடைக் குறைப்பும் மேற்கொண்டவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கினர் அந்த ஓராண்டில் அறுவை இல்லாமலே சமாளித்தார்கள். கடைசிப் படியில் அறுவை ஒரு நல்ல வழி. முதல் படியில் அல்ல.

4. அளவுகோலில் இல்லாத வாழ்க்கை

இனி சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்துவந்தேன்.

இந்தச் சோதனைகளில் ‘நன்றாகிவிட்டது’ என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? பெரும்பாலும் ஒரு வினாத்தாளால். உலகெங்கும் புழங்குவது வொமாக் என்பது, கனடாவில் 1980களில் உருவானது. மொத்தம் 24 கேள்வி. வலிக்கு 5, இறுக்கத்துக்கு 2, அன்றாட இயக்கத்துக்கு 17. அதை என் அம்மாவிடம் சமையலறையில் உட்கார்ந்து தமிழில் கேட்டுப் பார்த்தேன். காரில் ஏறி இறங்கச் சிரமமா? “நமக்கேது காரு?” குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏறச் சிரமமா? தொட்டி என்றால் தண்ணீர் பிடித்து வைக்கும் தொட்டி என்று எண்ணி, “அதுக்குள்ள ஏன்மா எறங்கணும்?” என்றார். சமதரையில் நடக்கும்போது வலிக்கிறதா? அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எங்கள் லயத்தைச் சுற்றிச் சமதரை என்று சொல்ல முற்றம் மட்டும்தான் உண்டு. காலுறை போடச் சிரமமா என்ற கேள்வி ஒன்றுதான் உயிரோடு வந்து உட்கார்ந்தது. பூட்ஸ் போடாமல் தோட்டத்தில் இறங்க முடியாது, குனிந்து காலுறையை இழுக்கும் அந்தக் காலை ஆறு மணி அம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

பொருந்தாத கேள்விக்கு மக்கள் என்ன பதில் தருகிறார்கள் தெரியுமா? “சிரமம் இல்லை.” குளியல் தொட்டியே இல்லாதவருக்கு அதில் இறங்கச் சிரமம் ஏது? அப்படி மூன்று நான்கு கேள்விக்குச் சுழியம் விழுந்தால், மொத்த மதிப்பெண் நல்லதாகத் தெரியும். தாளின்படி அம்மா சுமாரான நோயாளி. அதே வாரம்தான் இரவு கழிப்பறையில் குந்தி உட்கார்ந்தவர் எழ முடியாமல் என்னைக் கூப்பிட்டுக் குரல் கொடுத்தார்.

சுவீடனைச் சேர்ந்த ஈவா ரூஸ் என்ற இயன்முறை ஆய்வாளர் தம் குழுவோடு 1998இல் கூஸ் என்ற விரிவான வினாத்தாளை வெளியிட்டார். 42 கேள்வி. அதில் குந்துவதும் மண்டியிடுவதும் இடம்பெற்றுள்ளன. எந்தத் தலைப்பின் கீழ் என்று பாருங்கள்: ‘விளையாட்டும் பொழுதுபோக்கும்’. ஓடுவது, குதிப்பது, சுழன்று திரும்புவது ஆகியவற்றோடு குந்துவதும் ஒன்று. அவர் ஊரில் அது சரியான இடம்தான். அவர்மேல் தவறில்லை. ஆனால் கீரைப் பாத்தியில் குந்தி நாள் முழுக்கக் களை எடுப்பவளுக்குக் குந்துவது பொழுதுபோக்கா? காலை மடக்கிக் கோயிலில் உட்கார்வதும், தரையில் இலை போட்டுச் சாப்பிடுவதும், நண்பர்களான மலாய்க் குடும்பங்கள் ஐந்து வேளை தொழுகைக்கு மண்டியிடுவதும் விளையாட்டா? நோயாளி வயதானவர் என்றால் அந்தப் பகுதியையே விட்டுவிட்டுக் கேட்பதும் உண்டு. அப்போது அந்த வலி கணக்கிலேயே வராது.

மாற்ற முடியும் என்பதற்குச் சான்று புனேயில் இருக்கிறது. நான் முன்பு சொன்ன சோப்ராவின் குழு தன் சோதனைகளுக்காக வொமாக்கை இந்திய வழக்கத்துக்கு ஏற்ப, குந்துவதையும் தரையில் அமர்வதையும் கருதித் திருத்தி அமைத்தது. பெரிய பணமோ பெரிய கருவியோ தேவைப்படவில்லை. நோயாளி எப்படி வாழ்கிறார் என்று பார்க்கும் கண் வேண்டியிருந்தது.

5. வேலை செய்த முழங்கால்

முழங்கால் எக்ஸ்ரேயைச் சுழியத்திலிருந்து நான்கு வரை தரம் பிரிக்கும் முறையை மருத்துவர்கள் இன்றும் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். அதை 1957இல் வகுத்தவர்கள் மான்செஸ்டரின் கெல்கிரனும் லாரன்ஸும். அதற்கு ஐந்தாண்டு முன்பு அவர்கள் எந்த முழங்கால்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்? நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுடையவற்றை. அலுவலக ஊழியர்களின் படங்களோடு அவற்றை ஒப்பிட்டு, சுரங்கத்தில் மண்டியிட்டவர்களின் முழங்கால் கூடுதலாகக் கெட்டிருப்பதை 1952இலேயே எழுதினார்கள். அதாவது, இந்தத் துறை உழைப்பாளியின் முழங்காலிலிருந்துதான் தன் கண்ணைப் பெற்றது.

அந்தக் கண்டுபிடிப்பு சட்டமாக வெகுநாள் ஆயிற்று. 2009இல் பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் முழங்கால் தேய்மானத்தைத் தொழில்நோயாக ஏற்றது. 2012இல் தரைவிரிப்பு போடுவோரையும் தரை பதிப்போரையும் சேர்த்துக்கொண்டது. ஜெர்மனியும் 2009இல் அதைத் தன் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. வாழ்நாளில் மொத்தம் 13,000 மணி நேரம் மண்டியிட்டோ அதற்கு ஒப்பான நிலையிலோ வேலை செய்திருக்க வேண்டும், ஒரு வேலைநாளில் குறைந்தது ஒரு மணி நேரம் என்று கணக்கே வகுத்திருக்கிறார்கள். பெய்ஜிங் நகரில் முதியவர்களிடம் நடந்த ஆய்வு, அங்குள்ள பெண்களுக்கு அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் பெண்களைவிட முழங்கால் தேய்மானம் அதிகம் என்றது. இளம் வயதில் நாளெல்லாம் குந்தி உட்கார்ந்ததோடு அதற்குள்ள தொடர்பையும் காட்டியது.

நம் நாட்டில் மருத்துவர் கிரண் வீரப்பனும் அவருடன் இருந்தவர்களும் ஊர்ப்புறத்தில் வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கு 2007இல் வெளியானது. மூட்டு பற்றிய முறையீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முழங்காலைப் பற்றியது. நாட்டில் ஒரு மூட்டு வலிக்கிறது என்றால் முதலில் முழங்காலைத்தான் கேட்க வேண்டும். சுகாதார அமைச்சு மூட்டுத் தேய்மானத்துக்கு 2013இல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியும் பயிற்சியையும் எடைக் குறைப்பையும் முன்னால் வைக்கிறது. வழிகாட்டி சரியாகத்தான் இருக்கிறது. அதை இந்தச் சாலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஊசியையும் பயிற்சியையும் ஒப்பிட்டதாக நான் சொன்ன அமெரிக்கச் சோதனையில் பயிற்சிப் பிரிவினர் ஓராண்டில் சராசரியாகச் சுமார் 12 முறை இயன்முறை மருத்துவரைப் பார்த்தார்கள். கோலா தெர்லாவிலிருந்து தானா ராத்தா மருத்துவமனைக்குத் திரிங்காப், பிரிஞ்சாங் வளைவுகளைத் தாண்டிப் போய் வர ஒரு நாள் கூலி போகும். விடுமுறையில் சுற்றுலாக் கார்கள் நெருக்கினால் மதியச் சாப்பாடும் போகும். பன்னிரண்டு முறை என்றால் பன்னிரண்டு நாள் கூலி. பயிற்சி பலிக்கும் என்ற முடிவுக்குள் பேருந்தும் கூலியும் பேசாமல் ஒளிந்திருக்கின்றன.

1929இல் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியதிலிருந்து இந்தச் சரிவுகளில் ஏறி இறங்கியவர்கள் நம் பாட்டிகளும் அம்மாக்களும். இன்று கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன, கொழுந்து வெட்டுவோரில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த பிள்ளைகள். நம் அம்மாக்களின் முழங்கால் அறுபதிலும் எழுபதிலும் வந்து நிற்கிறது. அந்தப் பிள்ளைகளின் முழங்கால் முப்பது ஆண்டு கழித்து எந்த ஊரில், எந்தக் கணக்கிலும் சேராமல் வலிக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களையும் சேர்த்தே ஆய்வு நடக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிய ஆய்வகம் அல்ல. லயத்து முற்றத்திலேயே, வாரம் இருமுறை, வேலை முடிந்த மாலையில், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, ஒரு படியில் ஏறி மெல்ல இறங்குவது, தொடைத் தசையை இறுக்கி விடுவது, இவற்றைச் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆள். முதலில் சில லயங்களில், ஆறு மாதம் கழித்து மற்ற லயங்களில். எந்த லயத்துக்கு முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம், அதனால் யாருக்கும் இல்லை என்றாகாது, ஒப்பிடவும் முடியும். அளவுகோல் மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும். அதற்கான கேள்விகளை என்னால் பல்கலைக்கழக அறையில் உட்கார்ந்து எழுத முடியாது. முயன்று பார்த்தேன், எல்லாம் புத்தகத்திலிருந்தே வந்தன. அம்மாவிடம் கேட்டபோதுதான், “ராத்திரி யாரையும் கூப்பிடாம கக்கூசுலேர்ந்து எந்திரிக்க முடியுதா?” என்ற கேள்வி வந்தது. உலகின் எந்த வினாத்தாளிலும் அந்த ‘யாரையும் கூப்பிடாமல்’ என்ற சொல்லை நான் பார்த்ததில்லை.

கூட்டம் முடிந்ததும் தேநீர் தருகிறார்கள். அந்த மேசைக்குப் பக்கத்தில் கோடு போட்ட தாள்கள் வைத்திருக்கிறேன். எழுத வராதவர்கள் சொன்னால் போதும், பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேர் எழுதித் தருவார்கள். உங்கள் முட்டி எந்தக் காரியத்தை விடச் செய்துவிட்டது, எதை நீங்கள் திரும்பச் செய்ய ஆசைப்படுகிறீர்கள், இந்த இரண்டும் போதும். முதல் தாளில் காலையிலேயே ஒரு வரி எழுதியாயிற்று. படியில் பார்த்த அத்தை சொன்னது: “முன்னால பாத்து எறங்கணும்.”